வேலைக்குப் போகும் வயது: வாசகர் கேள்வி – பதில்

அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம் உள்ள இளைஞர்களின் வேலைவாய்ப்பு பற்றிப் பெற்றோரும் முதலாளிகளும் எழுதிய கடிதங்களில் இருந்து சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

என் மகனுக்கு 22 வயது. டவுன் சிண்ட்ரோம். சிறப்புப் பள்ளியின் தொழிற்பயிற்சிப் பிரிவில் ஆறு வருஷமாகப் பேப்பர் கவர் ஒட்டுகிறான். வெளியே வேலைக்கு அனுப்பலாமா என்று கேட்டால் ‘இன்னும் தயாராகவில்லை’ என்கிறார்கள். எப்போதுதான் தயாராவான்?
— ஒரு தாய், திண்டுக்கல்

கவர் ஒட்டிக்கொண்டே இருப்பவர் கவர் ஒட்டுவதற்கு மட்டும்தான் தயாராவார். அது உங்கள் மகனின் குறையில்லை. ஓரிடத்தில் கற்றதை இன்னோர் இடத்தில் தானாகப் பொருத்திப் பார்ப்பதுதான் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மிகவும் சிரமமான விஷயம். வகுப்பறை மேசையில் டப்பா அடுக்கக் கற்றவர் கடை அலமாரியின் முன்னால் திகைத்து நிற்பார். உயரம் வேறு, சத்தம் வேறு, சொல்லிக்கொடுக்கும் குரலும் வேறு. ‘முதலில் பயிற்சி, தேறியபின் வேலை’ என்ற வரிசை இவர்களுக்கு ஒத்துவராது. முதலில் வேலையிடம், அங்கேயே பயிற்சி என்பதுதான் பலன் தருகிறது.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 1970களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவில் மார்க் கோல்டு என்பவர், எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்டிருந்தவர்களுக்கு 15 பாகங்கள் கொண்ட சைக்கிள் பிரேக்கைச் சரியாகப் பூட்டக் கற்றுக்கொடுத்துக் காட்டினார். அவர் நீளமாக எதையும் விளக்கவில்லை. வேலையைச் சிறு படிகளாகப் பிரித்தார். பாகங்களில் வண்ணம் பூசி எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று கண்ணுக்குத் தெரிய வைத்தார். 1996-இல் சின்சினாட்டி குழந்தைகள் மருத்துவமனையில் தொடங்கிய ‘ப்ராஜெக்ட் சர்ச்’ திட்டத்தில் பள்ளியின் கடைசி ஆண்டு மாணவர்கள் மருத்துவமனைக்கு உள்ளேயே, உண்மையான வேலைகளைப் பார்த்தபடி கற்கிறார்கள்.

அப்படியானால் எந்தத் தயாரிப்பும் வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அவை தொழில்திறன்கள் இல்லை. கழிப்பறையைத் தனியாகப் பயன்படுத்துவது, பத்து நிமிடம் காத்திருக்கப் பழகுவது, ‘எனக்கு உதவி வேண்டும்’ என்று வாயாலோ சைகையாலோ அட்டையாலோ சொல்வது, வீட்டார் அல்லாத ஒருவர் சொல்வதைக் கேட்டுச் செய்வது. இந்த நான்கையும் வீட்டிலேயே ஆரம்பிக்கலாம். இதில் ஒன்று குறைந்தாலும் வேலை தேடுவதை நிறுத்த வேண்டாம். எது குறைகிறதோ அதற்கு வேலையிடத்தில் என்ன ஏற்பாடு செய்யலாம் என்று யோசியுங்கள்.

எந்த வேலை என்பதை அவரைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள்: யாரும் சொல்லாமல் எதைச் செய்கிறார், எதில் முக்கால் மணி நேரம் உட்காருகிறார், கூட்டம் பிடிக்குமா, நின்று பார்க்கும் வேலையா உட்கார்ந்து பார்க்கும் வேலையா, காலையில் சுறுசுறுப்பா மாலையிலா. துணி மடிப்பதில் ஆர்வம் உள்ளவருக்கு விடுதி லாண்டரியும் மருத்துவமனைத் துணி அறையும் இருக்கின்றன. பள்ளியை உடனே விட வேண்டியதில்லை. வாரம் இரண்டு அரை நாள் வேலையிடத்தில் தொடங்கலாம்.

எங்கள் பேக்கரியில் 14 பேர் வேலை பார்க்கிறார்கள். அறிவுசார் குறைபாடு உள்ள ஒருவரைச் சேர்க்க மனசு இருக்கிறது. என்ன வேலை கொடுப்பது, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றுதான் தெரியவில்லை. பெரிய தொண்டு நிறுவனம் எதுவும் பக்கத்தில் இல்லை.
— பேக்கரி உரிமையாளர், நாகர்கோவில்

ஆளைத் தேடும் முன் வேலையைத் தேடுங்கள். உங்கள் மாஸ்டரும் உதவியாளர்களும் நாள் முழுக்க என்னென்ன செய்கிறார்கள் என்று மூன்று நாள் எழுதிவையுங்கள். நல்ல சம்பளம் வாங்கும் மாஸ்டர் தினமும் ஒரு மணி நேரம் டிரே துடைத்துக்கொண்டும், கேக் பெட்டி மடித்துக்கொண்டும், பட்டர் பேப்பர் வெட்டிக்கொண்டும் இருப்பார். அந்த மாதிரித் துண்டு வேலைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒருவருக்கு முழுநேர வேலை தேறும். மாஸ்டருக்கும் நேரம் மிச்சம். இப்படி உருவாகும் வேலை கருணைக்காக வைத்த வேலையாக இருக்காது, கடைக்குத் தேவையான வேலையாக இருக்கும். அதனால்தான் நிலைக்கும்.

ரஸ்க் பேக்கிங்கை எடுத்துக்கொள்வோம். நமக்கு அது ஒரே வேலை. கற்றுக்கொள்பவருக்கு அது 16 படிகள்: கை கழுவித் துடை, கையுறையும் தொப்பியும் போடு, டிரேயை இடப்பக்கம் வை, ஒரு கவரை எடுத்துப் பிரி, ஸ்டாண்டில் மாட்டு, ரஸ்க்கை எடுத்துப் பார், உடைந்ததைச் சிவப்பு டப்பாவில் போடு, நல்லதைப் பள்ளத்தில் நிறுத்து, எல்லாப் பள்ளமும் நிரம்பியதா பார், கவரில் இறக்கு, தராசில் வை, முள் பச்சைக்குள் நிற்கிறதா பார், கவர் வாயில் ஒட்டிய தூளைத் துடை, சீல் போடு, இழுத்துப் பார், பெட்டியில் அடுக்கு. நீங்களே ஒரு பாக்கெட் போட்டுப் பார்த்து, கை எங்கெங்கே போகிறது என்று கவனித்து இந்தப் பட்டியலை எழுதுங்கள். மனசுக்குள் நினைத்து எழுதினால் நான்கைந்து படிகள் விட்டுப்போகும். ‘தூளைத் துடை’ என்பதைத்தான் அநேகமாக எல்லோரும் மறப்பார்கள். அது விட்டுப்போனால் சீல் சரியாக ஒட்டாது, ரஸ்க் நமத்துப்போகும், ‘பையனுக்கு வேலை வரவில்லை’ என்று முடிவு கட்டிவிடுவோம்.

‘பள்ளம்’ என்றதைக் கவனித்தீர்களா? எண்ணத் தெரியாதது பேக்கிங்குக்குத் தடையே இல்லை. பாக்கெட்டுக்குப் பத்து ரஸ்க் என்றால் பத்துப் பள்ளம் வெட்டிய ஒரு மரப்பலகை போதும். பள்ளம் காலியாக இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எடைக்கும் இதே வழிதான். டிஜிட்டல் தராசில் 198, 203 என்று எண்கள் ஓடினால் குழப்பம். முள் வைத்த தராசின் முகப்பில், ஏற்கத்தக்க எடை வரம்பில் மட்டும் பச்சை நாடா ஒட்டுங்கள். முள் பச்சையில் நின்றால் சரி. கவர் பிரியாமல் ஒட்டிக்கொள்கிறது என்றால் அவர் விரலைக் குறை சொல்லாதீர்கள். ஒரு பக்க வாய் அரை அங்குலம் நீண்டிருக்கும் கவராக வாங்குங்கள்.

சொல்லிக்கொடுக்கும்போது வாய் குறைவாகவும் கை அதிகமாகவும் வேலை செய்ய வேண்டும். முதலில் நீங்கள் செய்து காட்டுங்கள். அடுத்து இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று செய்யுங்கள். அதன்பின் அவர் செய்யட்டும். தடுமாறினால் ஐந்து விநாடி காத்திருங்கள். மனசுக்குள் எண்ணித்தான் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் இரண்டாவது விநாடியிலேயே நம் கை நீண்டுவிடும். அப்போதும் நகரவில்லை என்றால் விரலால் காட்டுங்கள். அதுவும் போதவில்லை என்றால் ‘துடை’ என்று ஒரே சொல். கடைசியாகத்தான் கையைத் தொட்டு வழிநடத்துவது, அதுவும் கேட்டுவிட்டு. தப்பு நடக்கப்போகிறது என்று தெரிந்தால் நடப்பதற்கு முன்னாலேயே நிறுத்துங்கள். தப்பாக நான்கு முறை செய்துவிட்டால் அந்தத் தப்பும் பாடமாகப் பதிந்துவிடும்.

‘புரிஞ்சுதா?’ என்று மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். ‘ஆமா’ என்றுதான் பதில் வரும். அப்படிச் சொன்னால் கேட்பவர் சந்தோஷப்படுவார் என்பதைச் சின்ன வயதிலிருந்தே கற்றிருக்கிறார்கள். ‘செஞ்சு காட்டுங்க’ என்று கேளுங்கள்.

16 படிகளையும் ஒரு தாளில் எழுதி, தினமும் உதவியில்லாமல் செய்ததற்குக் கூட்டல், உதவி தேவைப்பட்டதற்குக் கழித்தல் குறி போடுங்கள். ஒரே படியில் மூன்று நாள் தொடர்ந்து கழித்தல் வந்தால் அந்தப் படியை இரண்டாக உடையுங்கள், அல்லது கருவியை மாற்றுங்கள். எல்லாப் படியும் மூன்று நாள் கூட்டலாக வந்தபிறகு வேகத்தைப் பற்றிப் பேசலாம். வேகத்தை முதலில் கேட்டால் படிகள் விழுந்துவிடும்.

பயிற்றுநர் என்று ஒருவர் வெளியிலிருந்து வந்தால் அவர் விலகும் திட்டத்தையும் முதல் நாளே எழுதுங்கள். முதல் இரண்டு வாரம் பக்கத்தில், அடுத்து இரண்டு மீட்டர் தள்ளி, அதன்பின் அடுத்த அறையில், பிறகு வாரம் ஒருமுறை. ஒட்டியே நின்றால் ஒவ்வொரு படிக்கும் அவர் முகத்தைப் பார்த்துத் தலையாட்டல் வாங்குவதே பழக்கமாகிவிடும். வெளி ஆள் கிடைக்கவில்லை என்றால் உங்கள் ஊழியர்களில் பொறுமையான ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர்தான். நான்கு பேர் நான்கு விதமாகச் சொன்னால் யார் சொல்வதும் நிற்காது. அவர் லீவு போடும் நாளுக்கு இரண்டாவது ஆள் யார் என்பதையும் சொல்லிவையுங்கள்.

28 வயது ஆள் எங்கள் கடையில் சேர்ந்திருக்கிறார். எல்லோரும் ‘பாப்பா’ என்றே கூப்பிடுகிறோம். அன்பாகத்தான். தவறா?
— கடைக்காரர், காரைக்குடி

தவறுதான். வாடிக்கையாளர் காதில் ‘பாப்பா’ விழுந்தால் அவரிடம் பில் பற்றிக் கேட்க மாட்டார். சக ஊழியர் அவரிடம் பொறுப்பைக் கொடுக்க மாட்டார். அவரும் பாப்பா போலவே நடந்துகொள்வார். அந்த வயதுள்ள மற்ற ஊழியரை எப்படிக் கூப்பிடுவீர்களோ, பெயர் சொல்லியோ ‘தம்பி’ என்றோ, அப்படியே கூப்பிடுங்கள்.

மகன் ஒரு கடையில் இரண்டு வருஷமாகக் காலை 9 முதல் இரவு 7 வரை வேலை பார்க்கிறான். மாதம் 3,000 ரூபாய் ‘கைச்செலவுக்கு’ என்று தருகிறார்கள். கேட்டால் ‘வேறு யார் வேலை கொடுப்பார்கள்’ என்கிறார்கள். அவன் அங்கே சந்தோஷமாக இருப்பதால் நாங்களும் பேசாமல் இருக்கிறோம்.
— பெயர் வேண்டாம், சேலம்

சந்தோஷமாக இருக்கிறார் என்பதற்காகச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. குறைந்தபட்ச ஊதியம் அவருக்கும் உண்டு. குறைபாட்டைக் காரணம் காட்டி முதலாளி தானாகவே விகிதம் போட்டு வெட்ட அதிகாரம் கிடையாது. வேகம் குறைவு என்று சொன்னால் நேர்மையான வழி வேலை நேரத்தைக் குறைத்து, அந்த நேரத்துக்கு உரிய முழு ஊதியத்தைத் தருவதுதான். பத்து மணி நேரம் வேலை வாங்கிக்கொண்டு அதைக் கைச்செலவு என்பது சுரண்டல்.

அடுத்து என்ன செய்யலாம்? வேலைக்குப் போன நாட்கள், நேரம், கொடுத்த தொகை இவற்றை இன்றிலிருந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். சம்பளத்தை மகன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கையில் தருவதுதான் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாமல் செய்கிறது. வேலை நியமனக் கடிதம் கேளுங்கள். கடையில் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருந்தால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பதிவையும் கேளுங்கள். மற்றவர்களுக்கு இ.எஸ்.ஐ.க்கான சம்பள உச்சவரம்பு மாதம் 21,000 ரூபாய், மாற்றுத்திறனாளிகளுக்கு 25,000. பேசிப் பார்த்தும் அசையவில்லை என்றால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்துப்பூர்வமாகப் புகார் தரலாம். மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.

அங்கே பேசுவதற்கு முன் இன்னோர் இடத்தையும் பார்த்து வையுங்கள். இரண்டு வருஷம் ஒரே கடையில் தாமதமின்றிப் போய்வந்த ஒருவர் நல்ல அனுபவமுள்ள ஊழியர். அப்படியே சொல்லி வேறு இடத்தில் கேளுங்கள்.

கணினி நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஆட்டிசம் உள்ள இரண்டு பட்டதாரிகள் விண்ணப்பித்தார்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மதிப்பெண். நேர்காணலில் இருவருமே சொதப்பிவிட்டார்கள். விதியைத் தளர்த்துவது மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா?
— கோவை

எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விற்பனைப் பிரிவுக்கு என்றால் பேச்சுத்திறனைச் சோதிப்பது நியாயம். தரவுச் சரிபார்ப்புக்கும் மென்பொருள் சோதனைக்கும் ஆள் எடுக்கும்போது, முன்பின் தெரியாத மூன்று பேரின் கண்ணைப் பார்த்து இருபது நிமிடம் பேசும் திறனை ஏன் சோதிக்கிறீர்கள்? ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்ற கேள்விக்கு எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. ‘போன வருஷம் செய்த ப்ராஜெக்ட்டில் நீங்கள் எழுதிய பகுதி எது?’ என்று கேட்டால் தெளிவாகப் பதில் வரும்.

நேர்காணலுக்குப் பதில் இரண்டு மணி நேர வேலைச் சோதனை வையுங்கள். என்ன செய்ய வேண்டும், எத்தனை நேரம், யாரிடம் சந்தேகம் கேட்கலாம் என்பதை முதல் நாளே எழுதி அனுப்புங்கள். அறையின் புகைப்படத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது. மற்ற விண்ணப்பதாரர்களுக்கும் அதே சோதனையையே வைக்கலாம். அநியாயம் என்ற பேச்சு அப்போது எழாது.

சேர்ந்த பிறகு தேவைப்படும் ஏற்பாடுகள் பெரும்பாலும் பணம் செலவாகாதவை. மின்னும் குழல் விளக்குக்கு அடியிலும் கேன்டீன் கதவுக்கு அருகிலும் இருக்கை வேண்டாம். சத்தம் தடுக்கும் ஹெட்போனை அனுமதியுங்கள். ‘சீக்கிரம் முடிச்சிடுங்க’ என்பதற்குப் பதில் ‘11 மணிக்குள் இந்த 40 இன்வாய்ஸ்’ என்று எழுதிக் கொடுங்கள். கூட்டத்தின் நேரமோ உட்காரும் இடமோ மாறினால் ஒரு நாள் முன்பே சொல்லுங்கள். குறை இருந்தால் நேரடியாகச் சொல்லுங்கள். கிண்டலாகச் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொள்வார், அது அவர் தவறில்லை. ஆட்டிசம் என்றால் கணினி மேதை என்ற எதிர்பார்ப்பையும் விட்டுவிடுங்கள். சிலருக்குக் கணக்கு வரும், சிலருக்குத் தோட்டவேலை, சிலருக்கு இரண்டும் வராது.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் உங்கள் நிர்வாகத்திடம் காட்டுங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21-ஆவது பிரிவின்படி தனியார் உட்பட ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும். 20 ஊழியர் அல்லது அதற்கு மேல் இருந்தால் மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற பணியிடங்களின் பட்டியல், தேர்வு முறை, அவர்களுக்கான தொடர்பு அலுவலர் எல்லாம் அதில் இருக்க வேண்டும். இணையதளத்திலோ அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலோ அது இருக்க வேண்டும். தனிநபருக்குத் தேவையான பொருத்தமான மாற்றங்களைச் செய்துதருவது சமத்துவத்தின் ஒரு பகுதி, சலுகை இல்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் தெளிவாக்கியது.

மகளுக்கு அறிவுத்திறன் ஈவு (ஐ.க்யூ.) 62 என்று எழுதியிருக்கிறார்கள். ‘லேசான குறைபாடுதான், சான்றிதழ் கிடைக்காது’ என்று ஒருவர் சொன்னார். அரசு வேலை இட ஒதுக்கீடு இவளுக்கு உண்டா?
— ஒரு தந்தை, தஞ்சாவூர்

லேசானது என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அறிவுத்திறன் ஈவு மட்டும் சதவீதத்தைத் தீர்மானிப்பதில்லை. அன்றாட வாழ்க்கையில் எந்த அளவு தானாகச் செயல்படுகிறார் என்ற சமூக முதிர்ச்சி அளவீடும் சேரும். மத்திய அரசு 2018 ஜனவரியில் வெளியிட்ட மதிப்பீட்டு வழிகாட்டுதல், லேசான அறிவுசார் குறைபாட்டுக்கே 50 சதவீதம் கொடுத்தது. இட ஒதுக்கீட்டுக்குத் தேவை 40.

அந்த மதிப்பீட்டில் பெற்றோரிடம் கேள்விகள் கேட்பார்கள். ‘குளிப்பாளா?’ என்றால் ‘குளிப்பாள்’ என்று பெருமையாகச் சொல்லிவிடுகிறோம். தண்ணீர் எடுத்துவைத்து, சோப்பை நினைவூட்டி, தலையை நாமே அலசிவிட்டதைச் சொல்வதில்லை. யாரும் நினைவூட்டாமல் தானாகச் செய்வது எது, உதவியோடு செய்வது எது என்று வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள். கூட்டியும் சொல்ல வேண்டாம், குறைத்தும் சொல்ல வேண்டாம்.

சான்றிதழுக்கு யூ.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2021 ஜூன் முதல் அதன் வழியாக மட்டுமே வழங்கப்படுகிறது. அட்டையின் நிறம் 40 சதவீதத்துக்குக் கீழ் வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். ஒதுக்கீட்டைப் பொறுத்தவரை, அரசுப் பணியிடங்களில் உள்ள 4 சதவீதத்தில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்தது. அதனால் போட்டி உண்டு. மத்திய அரசின் விளம்பரங்களில் ஒவ்வொரு பணிக்கும் எதிரே எந்தக் குறைபாட்டுக்கு அது உகந்தது என்று ஆங்கிலச் சுருக்கெழுத்தில் போட்டிருப்பார்கள். அறிவுசார் குறைபாட்டுக்கு ‘ஐ.டி.’. அது இருக்கும் பணிகளை மட்டும் குறிவையுங்கள். 2021 ஜனவரி 4-ஆம் தேதி மத்திய அரசு வெளியிட்ட 3,566 பணிகள் கொண்ட பட்டியல்தான் இதற்கு அடிப்படை. எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் கேட்கலாம். விண்ணப்பப் படிவத்திலேயே அதைக் குறிப்பிட வேண்டும். தேர்வன்று அறையில் போய்க் கேட்டால் நடக்காது.

மகளுக்கு வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டரில் வேலை கிடைத்திருக்கிறது. தினமும் நான் கொண்டுவிட முடியாது. தனியாகப் பஸ்ஸில் அனுப்பப் பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், சென்னை

பயம் நியாயமானது. ஆனால் வேலை கிடைத்தும் போக்குவரத்தாலேயே வேலையை விடுபவர்கள் உண்டு. அதனால் பயணத்தையும் ஒரு பாடமாகவே கற்றுக்கொடுக்க வேண்டும்.

கடைசியிலிருந்து தொடங்குங்கள். முதல் சில நாட்கள் வீட்டிலிருந்து இறங்கும் நிறுத்தம் வரை இருவரும் சேர்ந்து போங்கள். நிறுத்தத்திலிருந்து வேலையிடம் வரை மட்டும் அவர் முன்னால் நடக்கட்டும், நீங்கள் பின்னால். அது பழகியதும், முந்தின நிறுத்தத்தில் நீங்கள் இறங்கிவிடுங்கள். வேலையிடத்துக்கு அருகில் வேறு ஒருவர் காத்திருக்கட்டும். பிறகு அதற்கும் முந்தினது. இப்படிப் பின்னோக்கி வந்து கடைசியில் வீட்டுக்கு அருகிலுள்ள நிறுத்தத்தில் ஏற்றிவிட்டுத் திரும்புவீர்கள். ஒவ்வொரு நாளும் அவர் பயணத்தைத் தானாக முடித்த உணர்வோடு வேலைக்குள் நுழைவார் என்பதுதான் இந்த முறையின் பலம்.

தப்பு நடந்தால் என்ன செய்வது என்பதையும் வேண்டுமென்றே நடத்திப் பழக்குங்கள். ஒரு நாள் இருவருமாக ஒரு நிறுத்தம் தள்ளி இறங்குங்கள். ‘இப்ப என்ன பண்ணணும்?’ அதற்கு ஒரு அட்டை: பஸ் எண், இறங்கும் இடம், இரண்டு தொலைபேசி எண்கள். அதைக் கண்டக்டரிடமோ போலீஸிடமோ கடைக்காரரிடமோ காட்ட வேண்டும். வீட்டு முகவரி அந்த அட்டையில் வேண்டாம். கைபேசியில் 1-ஐ அழுத்தினால் உங்களுக்கு அழைப்பு வரும்படி வையுங்கள். இரவில் சார்ஜ் போடுவதும் அவர் வேலைப் பட்டியலில் ஒன்றாக இருக்கட்டும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் சில்லறை பற்றிய கவலையும் இல்லை.

தொடுதல் பற்றி ‘ஜாக்கிரதையா இரு’ என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் விளங்காது. எங்கே தொடக்கூடாது, தொட்டால் என்ன சொல்ல வேண்டும், எங்கே நகர வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை நடித்துக் காட்டிப் பயிற்சி கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்று தலையாட்டும்படி வளர்த்துவிட்டு, ஆபத்தில் மட்டும் ‘மாட்டேன்’ என்று சொல்லச் சொன்னால் வராது. வீட்டிலும் அவர் மறுக்கும் சில விஷயங்களை ஏற்றுக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ள வேலையிடத்தில், பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதன் தலைவர் யார் என்று முதல் வாரத்திலேயே கேட்டு, மகளை அவரிடம் நேரில் அறிமுகப்படுத்துங்கள். பெண்கள் உதவி எண் 181.

எங்கள் விடுதியில் ஒரு இளைஞர் நான்கு மாதம் அருமையாக வேலை பார்த்தார். இரண்டு வாரமாக அறைக்குப் போகவே மறுக்கிறார். ஒருநாள் கத்தினார். நிறுத்திவிடலாமா?
— ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், மதுரை

நான்கு மாதம் செய்த வேலை திடீரென்று மறந்துபோகாது. ஏதோ மாறியிருக்கிறது. அதைத் தேடுங்கள்.

முதலில் உடம்பு. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இவற்றைச் சொல்லத் தெரியாமல் வேலையை மறுப்பது சாதாரணம். வலிப்பு மருந்தின் அளவை மாற்றியிருந்தால் தூக்கமும் எரிச்சலும் வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர் என்றால் தைராய்டு பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அவர்களில் பலருக்குத் தைராய்டு சுரப்பு குறையும், அதனால் மந்தமாகிவிடுவார்கள்.

உடம்பு சரி என்றால் நாட்காட்டியை எடுங்கள். அந்த இரண்டு வாரத்துக்கு முன் சூப்பர்வைசர் மாறினாரா, தளம் மாறியதா, ஷிப்ட் மாறியதா, துப்புரவுத் திரவம் புது வாசனையில் வந்ததா, வேக்குவம் கிளீனர் புதிதா? சக ஊழியர் யாராவது பரிகாசம் செய்தாரா, அறையில் தங்கியவர் திட்டினாரா? வீட்டில் ஒரு சாவோ அக்கா கல்யாணமோ நடந்ததா? ஐந்து நாள் மூன்று கட்டமாகக் குறித்துப் பாருங்கள்: மறுப்பதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவர் என்ன செய்தார், உடனே மற்றவர்கள் என்ன செய்தார்கள். கத்தியதும் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள் என்றால், களைப்பாக இருக்கும்போது ஓய்வு வாங்க அது ஒன்றுதான் வழி என்று கற்றுக்கொண்டிருக்கலாம். கத்தாமலே ஓய்வு கேட்க ஒரு அட்டையைக் கொடுங்கள். காட்டினால் பத்து நிமிடம், கண்டிப்பாக.

இன்னொன்றையும் யோசியுங்கள். நான்கு மாதமாகத் தலையணை உறை மட்டுமே மாற்றியிருந்தால் அலுத்துப்போயிருக்கலாம். எல்லோரையும் போல அவருக்கும் அடுத்த வேலை வேண்டும். படுக்கை விரிப்பை மடித்துச் செருகக் கற்றுக்கொடுங்கள்.

அஞ்சல் துறையில் ஓய்வு பெற்றவன். எனக்கும் மனைவிக்கும் பிறகு மகனுக்குக் குடும்ப ஓய்வூதியம் வரும் என்று நம்பியிருக்கிறோம். அவன் வேலைக்குப் போனால் அது நின்றுவிடும் என்கிறார்கள். அதனால் வந்த வேலையை வேண்டாம் என்றுவிட்டோம்.
— திருநெல்வேலி

பல வீடுகளில் இந்தப் பயத்தால்தான் வேலை நழுவுகிறது. பாதிதான் உண்மை. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான வருமான வரம்பு 2021 பிப்ரவரியில் மாறியது. முன்பு மாதம் 9,000 ரூபாயும் அகவிலை நிவாரணமும்தான் வரம்பு. இப்போது, மற்ற வழிகளில் வரும் வருமானம் சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். அதாவது, நீங்கள் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தின் 30 சதவீதமும் அதற்கான அகவிலை நிவாரணமும். 50,000 வாங்கியிருந்தால் 15,000-உம் நிவாரணமும். மகனுக்கு வரும் வேலை மாதம் 10,000 என்றால் வரம்புக்குள்தான் இருக்கிறார். வங்கி வட்டி, வாடகையும் இந்தக் கணக்கில் சேரும், மறக்காதீர்கள். மாநில அரசு ஓய்வூதியர்கள் இந்தக் கணக்கை அப்படியே தங்களுக்குப் பொருத்திக்கொள்ளக் கூடாது. அவர்கள் விதி தனி.

நீங்கள் இருவரும் இருக்கும்போதே மகன் பெயரை ஓய்வூதியக் கொடுப்பு ஆணையில் சேர்க்க விண்ணப்பியுங்கள். அது அனுமதிக்கப்பட்டதே. பின்னால் அலைய வேண்டியிருக்காது. நிரந்தரக் குறைபாட்டுச் சான்றிதழைக் கையில் வைத்திருங்கள்.

நாளை மறுநாள் தம்பிக்கு ஒரு சூப்பர் மார்க்கெட்டில் நேர்காணல். நானும் உள்ளே போகலாமா?
— ஒரு அக்கா, ஈரோடு

முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள். அவருக்குப் பின்னால் சற்றுத் தள்ளி உட்காருங்கள். கேள்வி உங்களைப் பார்த்து வந்தால் நீங்கள் தம்பியைப் பாருங்கள், அவர்கள் பார்வையும் அங்கே திரும்பும். அவர் செய்யும் வேலைகளின் ஐந்தாறு புகைப்படங்களை, வீட்டில் மளிகை அடுக்குவது, துணி மடிப்பது போன்றவற்றை, ஒரு ஆல்பமாகப் போட்டு அவர் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். பேச வராதபோது காட்டலாம். நோயின் வரலாறு கேட்டால் வேலைக்குத் தேவையானதை மட்டும் சொல்லுங்கள்: ‘ஒரே நேரத்தில் ஒரு வேலை சொன்னால் நன்றாகச் செய்வார், எழுதிக்கொடுப்பதைவிடக் காட்டிக்கொடுத்தால் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்.’ அவர்கள் தயங்கினால், மூன்று நாள் கூலியோடு வேலை பார்த்துக் காட்டட்டும் என்று கேளுங்கள். நாளை ஒருமுறை அந்தக் கடைக்கே அவரை அழைத்துப்போய்ச் சோப்போ பிஸ்கட்டோ வாங்கிக்கொண்டு வாருங்கள். வாசல் எது, கழிப்பறை எங்கே, எந்த வரிசையில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தால் அன்றைக்குப் பாதிப் பதற்றம் குறைந்திருக்கும்.